நேர்காணலுக்குப் போனவன் நீ, வேலை கிடைத்தது எனக்கு

அன்புள்ள பிரபா,

உன்னைக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். போனில் பேசினால் நீ "சாப்டியாமா" என்கிறாய், நான் "நீ சாப்டியாடா" என்கிறேன், அதற்குள் உன்னை யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். பிள்ளை முதல்முறையாக வெளியூர் வேலைக்குப் போகும்போது பெற்றவள் நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும். நானும் அதற்குத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன் வேலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என் வேலையைப் பற்றியும் முழுதாகத் தெரியவில்லை. போன வருஷம் இந்நேரம் நான் தி.நகரில் பட்டுப்புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நீ விலங்கியல் பட்டத்தை வைத்துக்கொண்டு, கிடைத்த நாளில் சாப்பாடு டெலிவரி செய்துகொண்டு, கிடைக்காத நாளில் வீட்டில் படுத்திருந்தாய். இன்றைக்கு நாம் இரண்டு பேரும் இன்சூரன்ஸில் இருக்கிறோம். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு வருகிறது, சிரித்து முடித்ததும் குழப்பமாக இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன். எழுதினாலாவது புரிகிறதா பார்ப்போம்.

அந்த விளம்பரத்தை உன் போனில் நீதான் எனக்குப் படித்துக் காட்டினாய். நிதித்துறையில் வேலை, எந்தப் படிப்பு படித்திருந்தாலும் வரலாம், முன் அனுபவம் தேவையில்லை, வயது தடையில்லை, கிண்டியில் நேர்காணல் என்று இருந்தது. "எது படிச்சாலும் சரின்னா, இன்னா வேலைன்னு அவனுக்கே தெரியலன்னு அர்த்தம்" என்றார் உன் அப்பா. அவர் எப்போதும் அப்படித்தான். நீ விலங்கியல் எடுத்தபோதே, "வண்டலூர் ஜூல கூண்டு எதுனா காலியா கீதான்னு கேட்டுக்கோ" என்று சொன்னவர். நீ அதற்கெல்லாம் பதில் பேசுவதை நிறுத்தி வெகு காலம் ஆகியிருந்தது. அன்றைக்கு எனக்குக் கடையில் வார விடுமுறை. சைதாப்பேட்டையில் உன் அத்தை மகளுக்கு வளைகாப்பு இருந்ததால், நேர்காணல் முடிந்ததும் சேர்ந்தே போய்விடலாம் என்று நீதான் என்னையும் கூட்டிப் போனாய். அதனால் நான் நல்ல புடவை கட்டியிருந்தேன், தலையில் பூ வைத்திருந்தேன். வேலை தேடி வந்தவள் அப்படி வருவாளா, சொல்.

அந்த ஹாலில் இருந்தவர்களைப் பார்த்ததும் எனக்கு ஏதோ தப்பான இடத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், டியூஷன் எடுக்கும் ஒரு டீச்சர், ராயப்பேட்டையில் அண்ணனோடு செருப்புக்கடையில் இருந்ததாகச் சொன்ன ஒரு பாய், பொறியியல் முடித்த பையன்கள் ஒரு வரிசை. இத்தனை பேருக்கும் ஒரே வேலை எப்படிப் பொருந்தும் என்று உன்னிடம் கேட்டேன். "சும்மா இருமா" என்றாய். அப்போதுதான் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பெண் ஒருத்தி வந்து எனக்கும் ஒரு தாளைக் கொடுத்தாள். நான் துணைக்கு வந்தவள் என்று சொல்லத் தொடங்கினேன். "பரவால்ல ஆன்ட்டி, எல்லாரும் ஃபில் பண்லாம்" என்று போய்விட்டாள். உனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எழுதுமா, டைம் போவும்" என்று பேனாவையும் நீயே கொடுத்தாய். ஞாபகம் இருக்கிறதா? இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அந்தப் பேனா உன்னுடையது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் உன்னைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது உன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "எப்டிடா?" என்றதற்கு "தெர்லமா" என்றாய். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போகாமல் இருப்பது மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று போனேன். உள்ளே ஒரு ஆணும், கண்ணாடி போட்ட ஒரு பெண்ணும் இருந்தார்கள். அந்தப் பெண்தான் இப்போது எனக்கு மேலாளர், வைதேகி மேடம். கடையில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். சொன்னேன். கையில் காசு குறைவாக வைத்துக்கொண்டு சம்பந்தி வீட்டாரையும் கூட்டி வரும் பெண்ணின் அம்மாவை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று மேடம் கேட்டார். அது வாரத்துக்கு நாலு தடவை நடப்பது. "அந்தம்மா கண்ணப் பாத்தா தெரியும் மேடம். விலைய சொல்லாம, பொண்ணு நிறத்துக்கு இந்தக் கரைதான் எடுக்கும்னு அவங்க கைக்கு எட்டுறத மட்டும் எடுத்துப் போடுவேன். சம்பந்திக்காரங்க முன்னாடி அவங்க தல குனியக் கூடாதுல்ல" என்றேன். அந்த ஆள் ஏதோ எழுதிக்கொண்டார். உங்களுக்கு எத்தனை பேரைத் தெரியும் என்று கேட்டார். அடையாறு ஆற்றோரம் எங்கள் பழைய இடத்தில் இருந்தவர்கள் எல்லோரையும் தெரியும், இப்போது பெரும்பாக்கத்தில் அரசாங்கம் கொடுத்த வீடுகளில் இருக்கிறார்கள், கல்யாணம் காட்சி என்றால் போய் வருவேன் என்றேன். அவ்வளவுதான். இதில் வேலைக்குத் தகுதியாக என்ன இருந்தது என்று அன்றைக்கும் தெரியவில்லை.

பிறகு பெயர் படித்தார்கள். என் பெயர் வந்தபோது அதே பெயரில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். உன் பெயர் வரும் என்று கடைசி வரை காத்திருந்தேன். பெயர் படித்த பெண் தாளை மடித்துவிட்டாள். அப்போது நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இன்னும் தெரியவில்லை. வளைகாப்பில் நீ எல்லோருக்கும் ஓடி ஓடிப் பரிமாறினாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாய். திருவான்மியூரில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதும் இரண்டு எட்டு முன்னால் போனாய். வீட்டில் விஷயம் தெரிந்ததும் மிக்ஸி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த உன் அப்பா கையிலிருந்த டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா மா இது, புள்ளைக்குத் துணையா போயி நீ வேல வாங்கினு வந்துக்கீற?" என்றார். அவர் சிரிக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

நான் போகப் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மறுநாள் காலை கடைக்குக் கிளம்பும்போது முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கடையில் உட்கார ஸ்டூல் போட்டிருக்கிறார்கள்தான். ஆள் எதிரே நிற்கும்போது யார் உட்கார்வது? நீ வந்து வாசற்படியில் நின்று, "அங்க சேந்துடு மா" என்றாய். "உனக்குக் கிடைக்காதது எனக்கு இன்னாத்துக்குடா?" என்றேன். "உனக்குக் கிடைச்சத நான் பிடுங்கினு போவ முடியாது. நீ வேணான்னா அவன் வேற ஆளத்தான் எடுப்பான், என்ன எடுக்க மாட்டான். முட்டி வலிக்குதுன்னு தெனம் அழுவுற. போ" என்றாய். சொல்லிவிட்டு, அன்றைக்குப் பூராவும் நீ என்னோடு பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. போகச் சொன்னதும் நீ, முகம் கொடுக்காததும் நீ. எதை நம்பி நான் சேர்ந்தேன் என்று கேட்டால், முழங்காலை நம்பித்தான் சேர்ந்தேன் என்று வை.

சேர்ந்த பிறகுதான், இன்சூரன்ஸ் விற்க வேண்டுமென்றால் ஒரு பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். பிளஸ் டூவுக்குப் பிறகு நான் பரீட்சை எழுதியதே இல்லை. புத்தகத்தைத் திறந்தால் தமிழ்தான், ஆனால் அந்தத் தமிழ் எனக்குத் தெரிந்த தமிழாக இல்லை. ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். "குடு இங்க" என்று வாங்கிப் படித்தாய். அதற்குப் பிறகு தினமும் காலையில் கடற்கரைக்குக் கூட்டிப் போனாய். நாம் மணலில் உட்கார்ந்து படித்ததை வாக்கிங் போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இடர் பகிர்வு என்றால் என்ன என்று எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. நீ யோசித்துவிட்டு, "ஆத்தோரம் நம்ம லைன்ல தீப்பிடிச்சிதே, ஞாபகம் கீதா? எரிஞ்சது பவானி அக்கா வூடு ஒண்ணுதான். எல்லாரும் இன்னா பண்ணீங்க?" என்றாய். வீட்டுக்கு வீடு காசு போட்டுக் கொடுத்தோம், தகரம் வாங்கிப் போட்டோம் என்றேன். "அதாம்மா இன்சூரன்ஸு. எரியறதுக்கு முன்னாடியே எல்லார் கிட்டயும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வெச்சிருந்தா அது கம்பெனி." எனக்குச் சட்டென்று விளங்கியது. விளங்கிய அடுத்த நிமிஷமே இன்னொன்று இடித்தது. "அன்னிக்கு அடுப்ப அணைக்காம போனது பவானியோட தப்புதான்டா. யாரும் அதக் கேக்கலயே. இந்தப் பொஸ்தகத்துல பூரா அந்தக் கேள்வியா இல்ல கீது?" என்றேன். நீ கடலைப் பார்த்துக்கொண்டு, "அது வேற பாடம் மா, நாளைக்கு" என்றாய். மறுநாளும் நீ அதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. பரீட்சையில் அந்தக் கேள்வி வராததால் நான் பாஸாகிவிட்டேன். என் வாழ்க்கையில் நீ என்னிடம் அவ்வளவு நேரம் பேசியது அந்த நாட்களில்தான். உன் கோபம் எப்போது போனது என்று கவனிக்கத் தவறிவிட்டேன்.

இனி எழுதப் போவது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது என்று சொல்வதுதான் சரி. வேலையில் ஓரளவு கால் ஊன்றிய பிறகு, ஒருநாள் வைதேகி மேடத்தோடு மயிலாப்பூரில் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனேன். திரும்பும்போது ஒரு கடையில் காபி வாங்கிக் கொடுத்தார். எவ்வளவு நாள்தான் மனசிலேயே வைத்திருப்பது? "மேடம், அன்னிக்கு என் புள்ளைய ஏன் எடுக்கல?" என்று கேட்டுவிட்டேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே, "அவன் உங்ககிட்ட சொல்லலையா?" என்றார். உனக்கு ஒரு சேமிப்புத் திட்டத்தைக் காட்டி, இதை எங்களுக்கு விற்றுக் காட்டு என்றார்களாம். நீ அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "இது உங்க வீட்ல யாருக்காவது எடுத்திருக்கீங்களா மேடம்?" என்று அவரையே கேட்டாயாம். "எங்காத்துல எடுக்கலைன்னு உண்மையச் சொல்லிட்டேன். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பக்கத்துல இருந்தவருக்கு வரல. கேள்வி கேக்கறவன் இதுக்குச் சரிப்பட மாட்டான்னு பேர அடிச்சுட்டார். நான் அப்பவே பேசியிருக்கணும், பேசல" என்றார்.

நான் காபியை அப்படியே வைத்துவிட்டேன். நீ அத்தனை நாளும் இதை என்னிடம் சொல்லவே இல்லையே என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கேள்வி கேட்டதற்காக உன்னை வேண்டாம் என்றவர்கள், என்னை எதற்காக எடுத்தார்கள் என்று. சம்பந்திகள் எதிரில் ஒரு தாயின் மானத்தைக் காப்பாற்றியதைச் சொன்னபோது அந்த ஆள் எதை எழுதிக்கொண்டார்? விலையைச் சொல்லாமல் விற்கத் தெரிந்தவள் என்றா? நான் தலையாட்டுகிறவள் என்பது முகத்திலேயே தெரிந்துவிட்டதா? மேடத்திடம் இதைக் கேட்டேன். "அப்படி இல்ல, நீங்க மனுஷாள நன்னா புரிஞ்சுக்கறேள்" என்றார். நல்லபடியாகத்தான் சொன்னார். ஆனால் அன்று முதல் என்னால் பழையபடி சிரித்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நுழைய முடியவில்லை. ஒவ்வொரு திட்டத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்து உன்னிடம் படிக்கச் சொன்னேனே, அது ஏன் என்று நீ கேட்டாய். கண் சரியாகத் தெரியவில்லை என்றேன். காரணம் இதுதான்.

அந்தப் பேச்சு நடந்து கொஞ்ச நாளில், மேடம் ஒரு வேலை விவரத்தை என் போனுக்கு அனுப்பினார். அவரோடு படித்தவர் ஒருவர் வேறொரு கம்பெனியில் கால்நடைக் காப்பீட்டுப் பிரிவில் இருக்கிறாராம், நேரில் போய் விசாரித்து எழுதுகிற ஆள் வேண்டுமாம், விலங்கியல் படித்திருந்தால் நல்லதாம். நான் யாரோ தெரிந்தவர் அனுப்பியதாக உன்னிடம் காட்டினேன். இரண்டு தடவை கூப்பிட்டுக் கேள்வி கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டார்கள். மாடு செத்தால் போய்ப் பார்ப்பதற்கு ஒரு உத்தியோகம் இருக்கிறது என்பதே அதுவரை நம் வீட்டில் யாருக்கும் தெரியாது. "கூண்டு இல்லாத ஜூ" என்றார் உன் அப்பா. சொன்னவர் அன்று மாலையே போய் உனக்கு நல்ல ஷூ வாங்கி வந்தார். வெளியூரில் சேறு இருக்கும் என்று கடைக்காரரிடம் நாலு தடவை சொன்னாராம்.

ஈரோட்டுப் பக்கம் நீ பார்த்த முதல் மாட்டைப் பற்றிச் சொன்னாயே, அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். செத்த பசுவின் காதில் கம்பெனி மாட்டிவிட்ட மஞ்சள் வில்லை இல்லை. வில்லை இல்லாவிட்டால் அதுதான் காப்பீடு செய்த மாடு என்று சொல்ல முடியாது. வேலியில் சிக்கி அறுந்துவிட்டது என்கிறார்கள் அதை வளர்த்த புருஷனும் பெண்டாட்டியும். "ஏனுங் தம்பி, எங்க லட்சுமிய எங்களுக்குத் தெரியாதுங்களா" என்று அந்தப் பெண் உன் கையைப் பிடித்துக்கொண்டாள் என்றாய். "அவங்க சொல்றது நெசம்னு எனக்குத் தோணுதும்மா. ஆனா எனக்குத் தோணுறத எப்டி எழுதறது?" என்று கேட்டாய். பிறகு நீயே காது கிழிந்திருந்ததைப் படம் எடுத்தாய், பால் சங்கத்தில் போய் அந்த மாட்டைத் தெரிந்தவர்களிடம் கேட்டாய், பார்த்ததையும் கேட்டதையும் எழுதி அனுப்பினாய். வில்லை இல்லை என்பதையும் எழுதினாய். முடிவு இன்னும் வரவில்லை என்கிறாய். நீ செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பெண்ணுக்குப் பணம் வராமல் போனால் அப்போதும் சரி என்று நினைப்பேனா, தெரியவில்லை.

எனக்கும் இங்கே அப்படி ஒன்று நடந்தது. போன வாரம் பவானி, அதே தீப்பிடித்த வீட்டுப் பவானிதான், என்னைப் பெரும்பாக்கத்துக்கு வரச் சொன்னாள். இன்னமும் மீன்தான் விற்கிறாள். என்னைக் கம்பெனி அட்டையோடு பார்த்ததும் அவளுக்கு அவ்வளவு பெருமை. "நீ எது சொன்னாலும் போடறேன் அக்கா, எங்க கையெழுத்துன்னு மட்டும் காட்டு" என்றாள். பெரிய சேமிப்புத் திட்டம்தான் அவளுக்கு வேண்டும், எதிர்வீட்டுக்காரி அதைத்தான் எடுத்திருக்கிறாளாம். அதைக் கொடுத்திருந்தால் எனக்கு அந்த மாதத்து இலக்கு முடிந்திருக்கும். மழைக்காலத்தில் அவளுக்கு வருமானமே இருக்காது. தவணை கட்டாமல் விட்டால் போட்டதில் பாதி போகும், அவசரம் என்றால் சில வருஷத்துக்கு எடுக்கவும் முடியாது. நான் அதைச் சொன்னேன். விபத்துக்கும் உயிருக்கும் மட்டும் சின்னதாக ஒன்று போடு, மிச்சத்தை பேங்கில் வை என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. "அவளுக்குக் குடுப்பாங்க, எனக்குன்னா குடுக்க மாட்டியா? நான் கட்ட மாட்டேன்னு நெனைக்கிறியா?" என்றாள். நான் எவ்வளவு சொல்லியும் அவளுக்கு அது அவமானமாகத்தான் பட்டது. சின்னதையும் போடவில்லை. டீ கொடுத்து அனுப்பினாள், வாசல் வரை வரவில்லை. ஆபீஸில் மேடம் ஒன்றும் திட்டவில்லை, பாராட்டவும் இல்லை. "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார். நான் நல்லது செய்தேனா, இருந்த ஒரு சிநேகிதத்தையும் கெடுத்துக்கொண்டு வந்தேனா?

இதற்கு நடுவில் இன்று மதியம் துணிக்கடையிலிருந்து மாடி சூப்பர்வைசர் பேசினார். "அக்கா, தீபாவளி கூட்டம் ஆரம்பிச்சிடுச்சி. உங்கள மாதிரி ஆளு இல்ல. சம்பளம் ஏத்திக் குடுக்கறோம், நீங்க உக்காந்துனே வேல வாங்கலாம், புதுப் பொண்ணுங்க எடுத்துப் போடட்டும். நாளைலேர்ந்து வரீங்களா?" என்றார். எனக்குப் பட்டு வாசனையே மூக்கில் அடித்தது பிரபா. அங்கே எனக்கு எல்லாம் தெரியும். எது சரி, எது தப்பு என்று ஒரு நாளும் ராத்திரி தூங்காமல் இருந்ததில்லை. வருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வாயிலிருந்து, "இல்லப்பா, நாளைக்குப் பாலவாக்கத்துல ஒரு வூட்டுக்கு வரேன்னு சொல்லிட்டேன்" என்று வந்தது. "சரி, நாளன்னிக்கு?" என்றார். "நாளன்னிக்கும் யார் வூட்டுக்காவது போவேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அதிலிருந்து வாசலில் உட்கார்ந்து இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். உனக்கு அறிவுரை சொல்ல ஆரம்பித்து, எங்கேயோ வந்து நிற்கிறேன். வயிறாரச் சாப்பிடு, யார் வீட்டில் டீ கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லாதே, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. சூப்பர்வைசரிடம் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தோன்றினால், போனில் அவசரமாகச் சொல்லாமல், நீயும் நாலு வரி எழுதி அனுப்பு.

அம்மா